பக்கத்துக் கதிரை

கிண்ணியா றம்லாவுக்குக் கோபம் வந்தால் துறைமுகத்தில் நங்கூரம் போட்ட கப்பலுக்கும் கேட்கும் என்று அவளுடைய கணவன் மஹ்ரூப் சொல்வதுண்டு. அது வெறும் பகிடியல்ல. உட்துறைமுகத்தை அண்டிய ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. கோதுமைக் கப்பல் வந்தாலும் சீமெந்துக் கப்பல் வந்தாலும் கப்டனோடும் இழுவைப் படகுக்காரரோடும் தொண்டை கிழியக் கதைத்து அவர்களை ஒழுங்குக்குக் கொண்டுவருவது அவள்தான். மற்றவர்கள் ஒலிவாங்கியை வாய்க்குள் வைத்துக் கத்துவார்கள். றம்லா அதை ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு கதைப்பாள்.

அந்தக் குரல் அவளுடைய வாப்பாவின் தேநீர்க்கடையில் விளைந்தது. கிண்ணியாவுக்குப் பாலம் போடுவதற்கு முன்பு ஆட்களையும் வாகனங்களையும் 'பாதை'தான் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஏற்றி இறக்கும். தகரத்தால் ஆன பெரிய மிதவை அது. கடைக்குள் பாதித் தேநீரோடு ஆட்கள் இருக்கும்போது பாதை புறப்பட்டுவிடும். உடனே பாவாடைச் சிறுமி றம்லா கரைக்கு ஓடி, "நில்லுங்க! ரெண்டு பேர் வாறாங்க!" என்று கத்துவாள். பாதை நிற்கும். பிறகு பாலம் வந்தது. ஊருக்கெல்லாம் நல்ல காலம், வாப்பாவின் கடைக்கு மட்டும் மூடுவிழா. அதற்கு அடுத்த வருடம் றம்லா பல்கலைக்கழக வளாகத்துக்குப் படிக்கப் போனாள்.

வளாகத்தில் முதல் மாதம் பகிடிவதை. மூத்த மாணவர்கள் புதிதாக வந்தவர்களை முழங்காலில் நிறுத்தி, ஆளுக்கொரு கேலிப் பெயர் வைப்பார்கள். அந்தப் பெயருக்கு 'கார்ட்' என்று பெயர். றம்லாவின் குரலைக் கேட்டுவிட்டு அவளுக்கு 'சைரன்' என்று கார்ட் போட்டார்கள். சிற்றுண்டிச்சாலை முன்னால் நின்று சைரன் மாதிரி ஊதச் சொன்னார்கள். அவள் ஊதினாள். மற்றவர்கள் சிரித்தார்கள், அவளும் சேர்ந்து சிரித்தாள். துறையடியில் கத்திப் பழகியவளுக்கு அது ஒரு பாடாகத் தெரியவில்லை. தனக்கு வலிக்காததால் ஒருவருக்கும் வலிக்காது என்று நினைத்துக்கொண்டாள். நல்ல மனமுள்ளவர்கள் செய்கிற பிழை இதுதான், அதனால்தான் இதைத் திருத்துவது கஷ்டம்.

படித்து முடித்து, வேலை எடுத்து, மஹ்ரூபைக் கட்டி, கிண்ணியாவில் பூச்சுப் பூசாத மேல்மாடியோடு ஒரு வீடும் எழுப்பிய பிறகு, பழைய மாணவர் சங்கத்தில் அவள் சேர்ந்தாள். சங்கத்தின் தலைவர் கிறிஸ்தோபர் நகரத்தில் காப்புறுதி முகவர். அவருடைய கார்ட் 'சாக்கு'. ஐம்பதை நெருங்குகிற மனிதர், கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து, "சாக்கு வந்திருக்கிறன்!" என்று கையைத் தூக்குவார். மற்றவர்கள் விசிலடிப்பார்கள். இந்தச் சங்கம்தான் 'கைகொடுப்போம்' என்று ஒரு திட்டத்தைத் தொடங்கியது. படித்து முடித்தவர்கள் படிக்கிறவர்களுக்கு வழிகாட்ட வேண்டுமாம், ஊக்கம் கொடுக்க வேண்டுமாம்.

நல்ல திட்டம்தான். றம்லா முதல் ஆளாகக் கையைத் தூக்கினாள். மற்றவர்கள் மேடையில் நின்று வெற்றிக்கு வழி சொன்னார்கள். அவள் புள்ளிவிபரவியல் சொல்லிக்கொடுத்தாள். எந்தப் பீடத்துப் பிள்ளை என்றாலும் அந்தப் பாடத்தில்தான் குப்புற விழும். சனிக்கிழமைகளில் மேல்மாடியில் பிளாஸ்டிக் கதிரைகளைப் போட்டு, சுவரில் ஒரு வெண்பலகையைச் சாய்த்து, 'குப்பி' நடத்தினாள். பரீட்சை நெருங்கும்போது தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்கும் வகுப்புக்கு வளாகத்தில் அப்படித்தான் பெயர். ஒரு காலத்தில் குப்பி விளக்கைச் சுற்றியிருந்து படித்ததால் வந்த பெயர் என்பார்கள்.

முதல் சனிக்கிழமை கிறிஸ்தோபர் நான்கு பேரைத் தன் வாகனத்தில் கொண்டுவந்து இறக்கினார். அவர்களை மூத்த மாணவர்கள்தான் தெரிவு செய்து கொடுத்தார்களாம். அதில் ஜெஸ்மின் என்ற பெண் கெட்டிக்காரி, வாய்க்காரி. வந்த உடனேயே றம்லாவை "அக்கா, அக்கா" என்று சுற்றத் தொடங்கினாள். நான்கு பேருக்குச் சொல்வதை நாற்பது பேருக்குச் சொன்னால் என்ன என்று றம்லாவுக்குத் தோன்றியது. தன் முகநூலில், "புள்ளிவிபரவியல் மண்டையில ஓடாத பிள்ளைகள் ஆரும் வரலாம்" என்று எழுதி வீட்டு முகவரியையும் போட்டாள்.

அதைப் பார்த்து மறு சனிக்கிழமை ஒருத்தி வந்தாள். ஒல்லியான பெண், கழுத்துவரை பொத்தான் போட்ட நீலச் சட்டை. படியேறி வந்து பின்வரிசையில் ஓரமாக இருந்தாள். வேறு பீடம் என்பதால் மற்ற நால்வருக்கும் அவளைத் தெரியாது. ஜெஸ்மின் எழுந்துபோய் அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து, "கல்குலேட்டர் ஒருக்காத் தாறீங்களா?" என்று கேட்டாள். இரண்டு பேரும் தலையைக் குனிந்து ஒரே கணக்கைச் செய்தார்கள். வகுப்பு முடிகிற நேரம் அந்தப் பெண் ஒரு கேள்விக்குச் சரியான விடையும் சொன்னாள். றம்லாவுக்கு வாயெல்லாம் பல்.

"ஆஹா! உங்கட பேர் என்ன புள்ள?"

"பிரியதர்சினி, அக்கா. சம்பூர்."

"அது வீட்டுப் பேர். கார்ட் என்ன?"

பழைய மாணவர்கள் புதியவர்களைக் கண்டால் கேட்கிற முதல் கேள்வி அதுதான். அதைக் கேட்டால் பிள்ளைகள் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள், பயம் தெளிந்துவிடும் என்று ஒரு எண்ணம். றம்லாவும் அப்படித்தான் கேட்டாள். பிரியதர்சினி சிரிக்கவில்லை.

"எனக்குக் கார்ட் இல்லை, அக்கா."

கார்ட் இல்லை என்றால் பகிடிவதைக்குப் பணியாதவள் என்று பொருள். பணியாதவர்களை வளாகத்தில் ஒருவரும் அண்டுவதில்லை. கதைக்கக் கூடாது, பக்கத்தில் இருக்கக் கூடாது, குப்பிக்குச் சேர்க்கக் கூடாது. மீறுகிறவனுக்கும் அதே கதிதான். ஜெஸ்மின் கையிலிருந்த கல்குலேட்டரை, சுட்டுவிட்டது போல, வெறுங்கதிரையில் வைத்தாள். பிறகு எழுந்தாள். மற்ற மூவரும் எழுந்தார்கள். "அக்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்கள்.

பிரியதர்சினி கல்குலேட்டரைப் பையில் வைத்துக்கொண்டு, "நான் போட்டு வாறன், அக்கா," என்றாள். அவள் முகத்தில் அழுகை இல்லை. பழகிப்போன முகம். அதைத்தான் றம்லாவால் தாங்க முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஒருவரும் வரவில்லை. வந்தது கிறிஸ்தோபரின் தொலைபேசி அழைப்பு.

"தங்கச்சி, உம்மட நல்ல மனசு எனக்கு விளங்குது. ஆனா ஒரு பிள்ளைக்காக நாலு பிள்ளையளை விடுறதே? அந்தப் பிள்ளைக்கு வேற ஆரையும் பாப்பம். தனிய, ஆருக்கும் தெரியாம."

"அவள் என்ன களவெடுத்தாளா, ஆருக்கும் தெரியாமப் படிக்க?"

"வளாகத்துக்கெண்டு ஒரு வழக்கம் இருக்கெல்லே. நாங்கள் வெளியில இருந்து உதவி செய்யிற ஆக்கள். மூத்த பெடியளைப் பகைச்சா நாளைக்கு எங்கட திட்டத்துக்கு ஒரு பிள்ளையும் வராது."

"அப்ப கைகொடுப்போம் எண்டது ஆருக்கு அண்ணா? ஏற்கெனவே கை உள்ளவனுக்கா?"

படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன் கோயில் என்பார்கள். மேடையில் நின்று, விழுந்தவனைத் தூக்குவோம் என்று முழங்குவதும் இவர்கள்தான். யாரைத் தூக்குவது என்று, தள்ளி விழுத்தினவனிடமே போய்க் கேட்பதும் இவர்கள்தான். மூத்த மாணவர்கள் பெயர் கொடுத்தால் அதில் யாருடைய பெயர் இராது என்று சாக்கு கிறிஸ்தோபருக்குத் தெரியாதா? சங்கத்தில் ஒவ்வொருவருக்கும் தெரியும். றம்லாவுக்கு மட்டும் தெரிந்திருக்கவில்லை. அவள் சிரித்துக்கொண்டே ஊதியவள்.

அடுத்த நாள் அவள் ஸ்கூட்டியை எடுத்தாள். "தனியப் போகாத, நீ இருக்கிற கோவத்துக்கு ரோட்டில போற மாட்டோடயும் சண்டை பிடிப்பாய்," என்று மஹ்ரூப் பின்னால் ஏறிக்கொண்டான். மூதூர் தாண்டி, கட்டைபறிச்சான் தாண்டி, விசாரித்து விசாரித்துச் சம்பூரில் பிரியதர்சினியின் வீட்டைக் கண்டுபிடித்தார்கள். மீள்குடியேறியபோது கட்டிய சிறிய கல்வீடு, பக்கத்தில் தகரக் குசினி. முற்றத்துக் கொடியில் புத்தகத் தாள்கள் காய்ந்துகொண்டிருந்தன. துணி காயப்போடுவது போல ஒவ்வொரு தாளையும் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். மை கரைந்து ஊறியிருந்தது.

அது பிரியதர்சினி வளாகத்தில் எடுத்த பாடக்குறிப்பு. கார்ட் உள்ளவர்களோடு குப்பியில் வந்து இருந்ததற்காக மூத்தவர்கள் விடுதியில் அவளுடைய மெத்தையிலும் மேசையிலும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். புள்ளிவிபரவியலில் அவள் ஏற்கெனவே ஒரு முறை தவறியவள். வரப்போகிற பரீட்சையையும் விட்டால் படிப்பு அத்தோடு சரி. அவளோ, எழுதப் போவதில்லை என்று சொல்லிவிட்டாள்.

தாய் யோகமலர் வயலில் இருந்து வந்த கையோடு நின்றாள். வந்தவர்களை இருக்கச் சொல்லவில்லை.

"நீங்கள்தானே கார்ட் என்னெண்டு கேட்டனீங்கள்?" என்றாள்.

"ஓம். நான்தான் கேட்டன்."

"பேர் சொன்னாக் காணாதே? நாங்கள் வைச்ச பேர் உங்களுக்குக் காணாதே?"

மஹ்ரூப் பக்கத்து வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏன் பிள்ளை தனிய இருக்கிறாள் எண்டு தெரியுமே உங்களுக்கு?" யோகமலரின் குரல் உயரவில்லை. "வந்த கிழமையே முழங்காலில நிப்பாட்டி, பெத்த தாயைப் பற்றித் தூஷணம் சொல்லச் சொன்னவங்களாம். எல்லாப் பிள்ளையளும் சொன்னதுகள். இவள் மாட்டன் எண்டவள். என்னைப் பற்றிச் சொல்ல மாட்டன் எண்டதுக்குத்தான் ரெண்டு வருசமா இவளோட ஒரு சீவனும் கதைக்கிறேல்லை."

பிரியதர்சினி குசினி வாசலில் வந்து நின்றாள். "விடுங்கோ அம்மா," என்றாள். பிறகு றம்லாவைப் பார்த்தாள். "வகுப்பில எனக்கு ரெண்டு பக்கமும் கதிரை வெறுமையாத்தான் கிடக்கும், அக்கா. சனம் நிண்டுகொண்டு நோட்ஸ் எழுதும், ஆனா அதில வந்து இராதுகள். உங்கட வீட்டிலதான் ஒரு ஆள் பக்கத்தில வந்து இருந்தது. கல்குலேட்டர் கேட்டது. நீங்கள் கேக்காட்டி நான் அப்பிடியே இருந்து படிச்சிருப்பன்."

"ஜெஸ்மினா போய்ச் சொன்னது?"

"ஓம். பயத்திலதான் சொல்லியிருப்பாள்."

"பயமாம்! நீ பயப்பட்டியா?"

"பயந்தனான். ஆனா மாட்டன் எண்டு சொன்னனான்."

திரும்பி வரும்போது றம்லா கத்தவில்லை, ஸ்கூட்டியைத்தான் முறுக்கினாள். அவள் கத்தினால் மஹ்ரூபுக்குப் பயமில்லை. கத்தாமல் இருந்தால்தான் பயம். கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது, "வாற ஞாயிறு சங்கத்திட விழா," என்றாள். "எனக்குச் சிறந்த வழிகாட்டி எண்டு நினைவுச் சின்னம் தாறாங்களாம்."

"போகப்போறியா?"

"போகாம?"

விழா நகரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. முன்வரிசையில் பழைய மாணவர்கள், பின்னால் நிறைய இந்நாள் மாணவர்கள். அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு கணக்காளர் பிரதம விருந்தினர். முதல் மாதம் முழங்காலில் நின்றதுதான் தன்னை மனிதனாக்கியது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். முழங்காலில் நின்றால் மனிதனாகலாம் என்றால், வீட்டுப்பாடம் செய்யாமல் வகுப்புக்கு வெளியே முழங்காலில் நின்ற நாமெல்லாம் இப்போது மகான்கள். சனம் கைதட்டியது. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுகிறபோது ஆடுகளே கைதட்டினால் யார் என்ன செய்வது?

கிறிஸ்தோபர் ஒலிவாங்கியைப் பிடித்து, "அடுத்ததா எங்கட சைரன்!" என்று அறிவித்தார். மண்டபம் முழுக்க "சைரன்! சைரன்!" என்று கத்தியது. இரண்டு பேர் வாயால் ஊதினார்கள். றம்லா மேடைக்கு ஏறினாள். நினைவுச் சின்னத்தைக் கையில் வாங்கவில்லை.

"என்ட பேரு றம்லா," என்றாள். "இதுக்குப் பிறகு சைரன் எண்டு கூப்பிடுறவங்களுக்கு நான் திரும்பிப் பாக்க மாட்டன். இந்தத் திட்டத்துக்குப் பிள்ளைகளை ஆர் தெரிவு செய்யிறாங்க தெரியுமா? தண்ணி ஊத்தினவங்க. கஷ்டப்படுற பிள்ளைகளுக்கு உதவி எண்டு சொல்லிட்டு, கஷ்டப்படுத்தினவங்களிட்டப் போய்ப் பேர் கேக்கிறம். வெக்கமில்லையா எங்களுக்கு?"

கிறிஸ்தோபர் பின்னால் இருந்த ஒலிபெருக்கிக்காரனுக்குக் கையைக் காட்டினார். ஒலிவாங்கி செத்தது. பாவம், ஆளை யோசிக்காமல் செய்த வேலை. றம்லா அதைத் தூக்கிக் கதிரையில் வைத்தாள். துறையடியில் பாதையை நிறுத்திய குரலை வயிற்றிலிருந்து எடுத்தாள்.

"பெத்த தாயைத் தூஷணத்தால ஏச மாட்டன் எண்ட ஒரு புள்ளயிட நோட்ஸ் இப்ப சம்பூரில கொடியில காயுது! இதுதான் எங்கட வழக்கமா? சனிக்கிழமை என்ட வீட்டில குப்பி இருக்கு. கார்ட் இல்லாத புள்ளைகளுக்கு முதல் இடம். கார்ட் உள்ளவங்களும் வரலாம். ஆனா பக்கத்தில ஆர் இருந்தாலும் எழும்பிப் போக ஏலாது. எழும்புறவங்க வர வேணாம்!"

ஒருவரும் கைதட்டவில்லை. ஒருவரும் எழுந்து நிற்கவும் இல்லை. பின்வரிசையில் ஜெஸ்மின் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போய்ச் சேருமுன்பே சங்கத்தின் வட்ஸப் குழுவிலிருந்து றம்லாவை நீக்கிவிட்டார்கள்.

சனிக்கிழமை அவள் கதிரைகளைத் துடைத்துப் போட்டுவிட்டு இருந்தாள். மஹ்ரூப் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். தேநீர் ஆறியது. கத்தியதால் ஆன பயன் இவ்வளவுதான் என்று றம்லாவுக்கு நெஞ்சு எரிந்தது. அப்போது வாசலில் ஒரு முச்சக்கரவண்டி வந்து நின்றது. பிரியதர்சினி இறங்கினாள். பிறகு யோகமலர் இறங்கினாள். நல்ல சேலை, கக்கத்தில் கைப்பை.

"நீங்கள் மேடையில கத்தினதை ஆரோ போனில எடுத்து விட்டிருக்கினம். பாத்திட்டுப் பிள்ளை சோதினை எழுதிறன் எண்டாள்," என்றாள் யோகமலர் படியேறிக்கொண்டே. "கத்திறது லேசு மிஸ். என்ர பிள்ளைக்குப் பக்கத்தில ஆர் இருக்கிறது?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. மகளை முன்வரிசையில் இருத்தினாள். பக்கத்துக் கதிரையில் தான் இருந்தாள். வகுப்பு முழுக்க முதுகு சாயாமல் வெண்பலகையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அடுத்த சனிக்கிழமையும் வந்தாள். வயலில் வேலை இருக்கும், வீட்டில் சமையல் கிடக்கும், எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்து அதே கதிரையில் இருந்தாள். மகள் வளாகத்துக்குப் போகிற நாட்களில் தன்னால் உள்ளே போக முடியாது என்பதுதான் அவளுக்குக் கவலை. போக விட்டால் அங்கும் போய் இருந்திருப்பாள். வேறு பீடத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கும் கார்ட் இல்லை.

பரீட்சைக்கு முந்திய சனிக்கிழமை படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஜெஸ்மின். தனியாக வந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. றம்லாவைப் பார்த்தாள். நேரே முன்வரிசைக்குப் போய் யோகமலர் முன்னால் நின்றாள்.

"அம்மா, நான் இதில இருக்கட்டா?"

றம்லாவின் கையில் எழுதுகோல் நின்றது. அவள் நினைத்திருந்தது இதைத்தான். இந்தப் பெண் வருவாள், அந்தத் தாய் எழும்பி இடம் விடுவாள், இரண்டு பிள்ளைகளும் ஒரே கல்குலேட்டரில் கணக்குச் செய்வார்கள், எல்லாம் முடிந்துவிடும்.

யோகமலர் அசையவில்லை. மடியில் இருந்த கைப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"ரெண்டு வருசமா இந்தப் பக்கம் வெறுமையாத்தான் கிடந்தது, பிள்ளை," என்றாள். "இப்ப ஆள் இருக்கு. பின்னுக்குக் கதிரை கிடக்கு, போய் இரு."

ஜெஸ்மின் பின்வரிசைக்குப் போய் நடுக்கதிரையில் இருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் வெறுங்கதிரை. ஆனால் எழும்பிப் போகவில்லை. பிரியதர்சினி திரும்பிப் பார்க்கவில்லை, கணக்கைச் செய்துகொண்டிருந்தாள்.

சமாதானமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று றம்லாவுக்கு வாய் வந்தது. யோகமலர் முந்திக்கொண்டாள்.

"நீங்கள் படிப்பியுங்கோ மிஸ். பிள்ளைக்குத் திங்கட்கிழமை சோதினை."